மாசாமாசம் வரும் வலியைப் பொறுத்துத்தான் ஆக வேண்டுமா?



இந்தப் பகுதியில் நாம் முடி கொட்டுவதைப் பற்றி எழுதுகிறோம். வடகத்துக்கு மாவு காய்ச்சும் பக்குவம் எழுதுகிறோம். மாமியாரோடு அனுசரித்துப் போவது எப்படி என்றும் எழுதுகிறோம். மாதவிலக்கு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் பெண்ணைப் பற்றி மட்டும் அதிகம் எழுதுவதில்லை. அப்பாவும் அண்ணன்மாரும் படிக்கிற பேப்பராயிற்றே என்ற கூச்சம்தான். ஆனால் அந்த அப்பாவும் அண்ணனும்கூடத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்பிள்ளை வலிக்குது என்று சொன்னால் மூன்று பதில் கிடைக்கும். "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கத்தாண்டி செய்யும், பொறுத்துக்கோ" என்பது முதலாவது. இரண்டாவது, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. மூன்றாவது, "கல்யாணம் ஆகி ஒரு பிள்ளையப் பெத்துட்டா எல்லாம் சரியாயிரும்."

மூன்றும் பிரியத்தில் சொல்வதுதான். முழுப் பொய்யும் இல்லை. சாதாரண மாதவிலக்கு வலி வயசு ஏற ஏறவும், பிரசவத்துக்குப் பிறகும் பலருக்குக் குறையத்தான் செய்கிறது. நம் ஆச்சிமார் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். உளுந்தங்களியும் உடம்புக்கு நல்ல ஆகாரம். ஆனால் எல்லா வலியும் சாதாரண வலி இல்லை. சில வலி களிக்கும் கேட்காது, கல்யாணத்துக்கும் கேட்காது. அதற்கு டாக்டர்தான் வேண்டும்.

எது சாதாரணம், எது இல்லை?

மாதவிலக்கின்போது கருப்பை சுருங்கி உள்ளே இருக்கும் சவ்வை வெளியே தள்ளுகிறது. அப்படிச் சுருங்கச் செய்வதற்கு உடம்பிலேயே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. முதல் ஒன்றிரண்டு நாள் அடிவயிறு இழுத்துப் பிடிப்பதற்கு அதுதான் காரணம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ, ஒரு மாத்திரை போட்டாலோ அடங்கிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், அடுப்படி வேலையும் பார்க்கலாம். இது சாதாரண வலி.

கீழே சொல்வது அப்படி அல்ல. மாத்திரை போட்டும் அடங்காத வலி. மாதம் தவறாமல் இரண்டு மூன்று நாள் படுக்கையில் தள்ளும் வலி. வாந்தி, மயக்கம். விலக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்து, முடிந்த பிறகும் தொடரும் வலி. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது அல்லது சிறுநீர் கழிக்கும்போது குத்தும் வலி. கல்யாணமானவர்களுக்குத் தாம்பத்ய உறவின்போது உள்ளே ஆழத்தில் ஏற்படும் வலி. வருஷத்துக்கு வருஷம் குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி. இதில் ஒன்றிரண்டு இருந்தால்கூட டாக்டரிடம் போக வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம்.

பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் புரியாதது இல்லை. கருப்பைக்குள் வளர வேண்டிய சவ்வைப் போன்ற ஒன்று கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். சினைப்பையின் மேல், கருக்குழாயில், கருப்பைக்குப் பின்னால், சில பேருக்குக் குடலிலும் மூத்திரப்பையிலும்கூட ஒட்டி வளரும். சிசேரியன் தழும்பிலேயே வளர்வதும் உண்டு. உள்ளே இருக்கும் சவ்வு மாதவிலக்கில் ரத்தமாக வெளியேறிவிடுகிறது. வெளியே வளர்ந்ததும் அதே ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு மாசாமாசம் கசிகிறது. ஆனால் அந்த ரத்தம் போவதற்கு வழி ஏது? அங்கேயே தங்கிப் புண்ணாகி, வீங்கி, தழும்பாகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்துவிடுகிறது. சினைப்பையில் இப்படிப் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதை 'சாக்லேட் கட்டி' என்கிறார்கள். உள்ளே இருப்பது சாக்லேட் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று பொதுவாகச் சொல்வது எல்லாம் ஒன்றல்ல. எந்த வகைக் கட்டி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1920களில் அமெரிக்காவில் சாம்ப்சன் என்ற டாக்டர்தான் இந்த நோய்க்கு இப்பெயர் வைத்து, மாதவிலக்கு ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் வருகிறது என்றார். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அதனால் பரம்பரையும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்துதான் காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு அதிகம். புளி தின்றதால், பச்சைத் தண்ணீரில் குளித்ததால், சைக்கிள் மிதித்ததால் வருவது இல்லை. இது புற்றுநோயும் இல்லை, தொற்றுநோயும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. உலகம் முழுக்க 19 கோடிப் பேர். நம் தெருவில் 20 பெண்கள் இருந்தால் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அண்ணன் சேரன்மகாதேவிப் பக்கம் வாழை விவசாயம் பார்க்கிறார். அவர் மகள் பிளஸ் டூ படிக்கும்போது மாதத்தில் மூன்று நாள் லீவு. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, தின்றதையெல்லாம் வாந்தி எடுப்பாள். அங்கே ஒரு டாக்டர் ஊசி போடுவார், அன்றைக்குத் தேவலையாகும். அடுத்த மாதம் திரும்பவும் ஊசி. ஒருநாள் மைனியிடம், "படிப்பு முடிஞ்சதும் சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, தானா நின்னுரும்" என்றாராம். அதைக் கேட்டு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சே வந்துவிட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள். "அத்தை, எனக்கு ஏலல. ஆனா கல்யாணம் மருந்தா அத்தை?" என்று என்னிடம் போனில் அழுதாள்.

அவளிடம் நான் ஒன்று சொன்னேன். நம் வீடுகளில் மாதக் காலண்டரில் பால் கணக்கு குறிப்போம் அல்லவா, அதே மாதிரி வலிக் கணக்கைக் குறி என்றேன். எந்தத் தேதி விலக்கு, எந்தத் தேதி வலி, பத்துக்கு எத்தனை மார்க் வலி, வாந்தி உண்டா, எத்தனை மாத்திரை, பள்ளிக்கூடம் போனாளா இல்லையா. மூன்று மாதம் குறித்தாள். விலக்குக்கு இரண்டு நாள் முன்னாலேயே வலி ஆரம்பிப்பதும், மலம் போகும்போது வலி கூடுவதும் குறித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அந்தக் காலண்டர் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டரிடம் அவளையும் மைனியையும் அழைத்துப் போனேன். மைனிக்கு ஒரே பயம். கல்யாணமாகாத பிள்ளையை உள்ளே சோதிப்பார்களோ, யாராவது தெரிந்தவர்கள் பார்த்து ஏதாவது கதை கட்டிவிடுவார்களோ என்று முந்தானையை முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, அடிவயிற்றின் மேலே வைத்துத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் நாலு சென்டிமீட்டர் சாக்லேட் கட்டி. "இந்தப் பிள்ளை நடிக்கலம்மா, இத்தனை நாள் தாங்கியிருக்கா" என்று டாக்டர் சொன்னதும் அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வலி என்று சொன்னதை நம்பினார்களே என்ற அழுகை அது.

அடுத்த சண்டை மாத்திரைக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்தது ஹார்மோன் மாத்திரை. கருத்தடைக்கும் கொடுப்பது என்று மெடிக்கல் கடையில் யாரோ சொல்ல, ஆச்சி சாமி ஆடாத குறை. "கன்னிப்பிள்ளைக்கு இதையா குடுப்பாவ? நாளைக்கு வயித்துல ஒண்ணு தங்குமா?" என்று கேட்டார். அண்ணனை நேரே டாக்டரிடம் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். மாத்திரை அந்த வெளிச் சவ்வு மாசாமாசம் கசியாமல் ஓய்வு கொடுக்கிறது, நிறுத்தினால் பிள்ளை பெறும் சக்தி திரும்ப வந்துவிடும், கவனிக்காமல் விட்ட நோய்தான் பிள்ளைப்பேற்றைக் கெடுக்கலாம் என்று அவர் விளக்கினார். அண்ணன் வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மாத்திரைச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து மாத்திரை வாங்குவது அவர் வேலை.

மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் மறைந்துவிடவில்லை. முன்பு பத்துக்கு ஒன்பது இருந்த வலி இப்போது மூன்று, நாலு. வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்கேன். ஆனால் பரீட்சை எழுதினாள், இப்போது நர்ஸிங் படிக்கிறாள். நாளைக்கு வரன் வந்தால் இதைச் சொல்லலாமா என்று மைனி கேட்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வலியில் துடிக்கிறவளைத் தாங்கத் தெரியாத மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே விலகிக்கொள்வது நல்லது.

நர்ஸ் மகளுக்கே 23 வருஷம்

எங்கள் கிராமத்துப் பிள்ளைக்குத்தான் இந்தப் பாடு என்று நினைக்க வேண்டாம். 1970-இல் சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மாடலாக இருந்தவர், சமையல் புத்தகங்கள் எழுதியவர், அங்கே பிரபலமான சமையல் போட்டி நிகழ்ச்சியை நடத்தியவர். அவருக்கு 13 வயதிலிருந்து இந்த வலி. அவருடைய தாயார் ஒரு நர்ஸ். அப்படியும் இது எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டுபிடித்தது அவருடைய 36-ஆவது வயதில், 2006-இல். ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, 2009-இல் தன் டாக்டரோடு சேர்ந்து இந்நோய்க்கென்றே அமெரிக்காவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2010-இல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்த நோய் இருந்தால் சில பேருக்குக் கருத்தரிப்பது சிரமமாகும் என்பது உண்மை. பிள்ளையே பிறக்காது என்பது உண்மையல்ல. பல பேருக்கு இயல்பாகவே பிறக்கிறது.

பணமும் படிப்பும் இருந்தவருக்கே 23 வருஷம் என்றால், கூலிக்குப் போகிற பெண்ணுக்கு எத்தனை வருஷம் ஆகும்? முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் நம் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்க பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. வலி என்று படுத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. நம் மாவட்டங்களிலிருந்து திருப்பூர், திண்டுக்கல் பக்கம் பஞ்சாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு.

2019-இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் பேசி வெளியிட்ட தகவல் வயிற்றைக் கலக்கியது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக மேஸ்திரிகள் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, பல மாத்திரைக்கு மேலே பெயரும் இல்லை. பின்விளைவு என்ன என்று யாரும் சொல்லவில்லை. வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. மணியின் நாக்கைப் பிடித்து நிறுத்திவிட்டால் தீ அணைந்துவிடுமா?

வலி மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெஃபனமிக் ஆசிட், இபுபுரூஃபன் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைக் குறைக்கும் மருந்துகள்தான். வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடுவதைவிட, ஆரம்பிக்கும்போதே போட்டால் நன்றாக வேலை செய்யும். ஆனால் வெறும் வயிற்றில் போடக் கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சொன்ன அளவுக்கு மேல் விழுங்கினால்தான் வலி நிற்கிறது என்றால், அதுவே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் அடையாளம்.

டாக்டரிடம் போகும்போது

"வயிறு வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். காலண்டர் தாளை எடுத்துப் போங்கள். அம்மா, அக்காவுக்கு இருந்ததா என்று சொல்லுங்கள். கூச்சப்படாமல் மலம், சிறுநீர், தாம்பத்ய வலி எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்ல நாக்கு எழாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கல்யாணமாகாத பிள்ளை என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் சம்மதம் இல்லாமல் உள்ளே சோதிக்க மாட்டார்கள். கூட அம்மா இருக்கலாம்.

ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று வந்தால், நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுசிறு ஒட்டல்கள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். சிலருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். முன்பெல்லாம் தொப்புள் வழியாகக் கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தால்தான் உறுதி என்பார்கள். எல்லோருக்கும் அது அவசியமில்லை, அடையாளங்களை வைத்தே மருந்தைத் தொடங்கலாம் என்று 2022-இல் ஐரோப்பிய டாக்டர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

அடியோடு ஒழிக்கும் மருந்து இதற்கு இல்லை. கட்டுக்குள் வைக்க மருந்து உண்டு. வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, ஊசி, ஹார்மோன் வைத்த காப்பர்-டி போன்ற சாதனம் என்று வயசுக்கும் தேவைக்கும் தக்கபடி கொடுப்பார்கள். ரத்தக் கொதிப்பு, கடுமையான ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறையும் கோளாறு இருந்தால் ஹார்மோன் மாத்திரைக்கு முன் அவசியம் சொல்ல வேண்டும். மருந்து கேட்காவிட்டால் லேப்ராஸ்கோப்பி மூலம் ஒட்டல்களையும் கட்டியையும் எடுப்பார்கள். எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வரும். சினைப்பையில் கத்தி வைத்தால் கருமுட்டை இருப்பு குறையலாம் என்பதால், பிள்ளை வேண்டுமென்று இருப்பவர்கள் அதைப் பற்றி முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று நாமே ஒருவருக்கொருவர் யோசனை சொல்கிறோம். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், வேலை கெடக் கூடாது என்று சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட கதை 2019-இல் வெளியாகி, அரசு குழு போட்டு விசாரித்தது. விசாரித்த சுமார் 82 ஆயிரம் பெண்களில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் கருப்பைக்கு வெளியே இருக்கும் நோய். கருப்பையை மட்டும் எடுத்தால் வலி போய்விடும் என்ற உத்தரவாதம் இல்லை. சிலருக்கு அது தேவைப்படலாம். ஆனால் கடைசியில் யோசிக்க வேண்டியதை முதலில் யோசிக்கக் கூடாது. இரண்டாவதாக இன்னொரு டாக்டரையும் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். 2011-இல் அறிவித்த புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்கிற கிராம நர்ஸிடமே முதலில் சொல்லலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, அம்பாசமுத்திரம், தென்காசி போன்ற ஊர்களில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் பெண்கள் நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆபரேஷன் என்றால் அரசு காப்பீட்டு அட்டையில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று தாங்க முடியாத வலி, மயக்கம், காய்ச்சலோடு வலி, நாள் தள்ளிப்போன நிலையில் ஒரு பக்க வலி என்றால் காலண்டர் குறித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை. அந்த மூன்று நாளில் மருமகள் படுத்துக் கிடந்தால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. அவள் விலகிப் படுப்பது வெறுப்பால் இல்லாமல் வலியால் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அம்மாமார் மகளிடம் "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லம்மா" என்றுதான் பதில் வரும். "போன மாசம் எத்தனை நாள் படுத்திருந்த? எத்தனை மாத்திரை போட்ட?" என்று எண்ணிக்கை கேளுங்கள். அதில் உண்மை வந்துவிடும்.

இதே வலியோடு காலம் தள்ளும் சகோதரிகள், சரியான வைத்தியம் கிடைத்துத் தேறியவர்கள், பெயர் போடாமலாவது இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். படித்துவிட்டு யாரோ ஒருத்தி தன் மகளை டாக்டரிடம் அழைத்துப் போனால் அதுவே போதும்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை